பிள்ளைக்கு முழங்கால் நோகிறதா? எல்லாம் வளர்ச்சி வலி அல்ல

சில வருடங்களுக்கு முன்னர், வன்னியில் ஓர் அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் நான் கடமையில் இருந்தபோது, 12 வயதுப் பையன் ஒருவனை அவனுடைய அம்மம்மா கூட்டிக்கொண்டு வந்தார். தாய் வெளிநாட்டில் வீட்டு வேலை. அம்மம்மாதான் வளர்க்கிறார். பையன் வயதுக்கு மிஞ்சிய உடம்பு.

“முழங்கால் நோகுதாம் டொக்டர். வளருற பிள்ளைதானே, அதுதான் எண்டு நினைச்சன். ரெண்டு கிழமையா விடுதில்லை.”

நான் முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன். வீக்கமில்லை, சூடில்லை. மடக்கி நீட்டிப் பார்த்தேன். முழங்காலுக்கு ஓர் எக்ஸ்ரே எடுப்பித்தேன். அதிலும் ஒரு பிழையும் இல்லை. வெளியே நூறு பேருக்கு மேல் வரிசையில் காத்திருந்தார்கள். “அம்மம்மா சொன்னதுதான் சரி, வளர்ச்சி வலி” என்று சொல்லி, பனடோல் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மூன்று கிழமை கழித்து அவனை முச்சக்கர வண்டியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கிணற்றடியில் சறுக்கியவன் எழும்பவே முடியாமல் கிடந்திருக்கிறான். அவனுடைய நோய் முழங்காலில் இருக்கவில்லை. இடுப்பு மூட்டில் இருந்தது. முதல் நாள் நான் அவனைக் கட்டிலில் படுக்கவைத்து இடுப்பை ஒருமுறை திருப்பிப் பார்த்திருந்தால் பிடித்திருக்கலாம். சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. இப்போது நடக்கிறான். ஆனால் அந்தக் கால் மற்றக் காலைவிடச் சற்றுக் கட்டை.

அன்றிலிருந்து முழங்கால் நோவோடு வரும் எந்தப் பிள்ளையையும் இடுப்பைப் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கும் அவன்தான் காரணம். பிள்ளைகளின் முழங்கால் நோவில் பெரும்பகுதி பயப்படத் தேவையில்லாதது. ஒரு சிறு பகுதி மட்டும் நாள் கடத்தக் கூடாதது. இரண்டையும் பிரித்தறிய ஒரு தாய்க்கோ அம்மம்மாவுக்கோ பெரிய படிப்பு வேண்டியதில்லை. என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

வளரும் எலும்பு ஏன் நோகிறது?

பிள்ளையின் எலும்பு வளர்ந்தவரின் எலும்பின் சிறிய வடிவம் அல்ல. எலும்பின் முனைக்குக் கிட்டக் குருத்தெலும்பாலான ஒரு மெல்லிய தட்டு இருக்கிறது. அதை வளர்ச்சித் தட்டு என்போம். எலும்பு நீள்வது அந்த இடத்தில்தான். ஒருவருடைய கால் நீள்வதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முழங்காலைச் சுற்றியுள்ள தட்டுகளில் நடக்கிறது. அதாவது தொடை எலும்பின் கீழ் முனையிலும், கீழ்க்கால் எலும்பின் மேல் முனையிலும்.

வளர்ச்சித் தட்டு எலும்பைவிட மென்மையானது. தசைநார்கள் வந்து பொருந்தும் இடங்களிலும் இப்படியான மென்மையான பகுதிகள் உண்டு. ஆணோ பெண்ணோ, பருவமடையும் காலத்தில் திடீரென உயரும்போது எலும்பு முந்திக்கொள்ளும். தசை பிந்தி நிற்கும். தொடைத் தசை இறுகி, முழங்காலைச் சுற்றி இழுவை கூடும். அந்த வயதில்தான் ஓட்டமும் பாய்ச்சலும் அதிகம். இதனால்தான் வளரும் பிள்ளைகளில் முழங்கால் அடிக்கடி நோகிறது.

உண்மையான வளர்ச்சி வலி எது?

“வளர்ச்சி வலி” என்று ஒரு தனியான வலி உண்டு. ஏறத்தாழ 3 வயதிலிருந்து 12 வயது வரையான பிள்ளைகளுக்கு வருவது. பெயர் அப்படி இருந்தாலும், அதற்கும் எலும்பு வளரும் வேகத்துக்கும் நேரடித் தொடர்பு கண்டறியப்படவில்லை. பகல் முழுக்க ஓடி விளையாடிய களைப்பு ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

அதற்குச் சில அடையாளங்கள் உள்ளன. பின்னேரத்தில் அல்லது சாமத்தில் வரும். இரண்டு கால்களிலும் வரும், அல்லது ஒரு நாள் இந்தக் கால், இன்னொரு நாள் அந்தக் கால் என்று மாறும். தொடையின் முன்பக்கம், கெண்டைக்கால், முழங்காலின் பின்பக்கம் போன்ற தசைப் பகுதிகளில் நோகும். குறிப்பாக மூட்டில் அல்ல. பிள்ளை அழுது எழும்பும். தடவிவிட்டால் ஆறுதலடையும். காலையில் ஒன்றுமே நடக்காதது போல் ஓடித்திரியும். வீக்கம், சிவப்பு, காய்ச்சல், நொண்டுதல் எதுவும் இருக்காது.

இதற்கு வைத்தியம் எளிது. மெதுவாகத் தடவிவிடுங்கள். இளஞ்சூட்டு ஒத்தணம் கொடுங்கள். படுக்கப்போகுமுன் கால்களை நீட்டி இழுக்கும் பயிற்சியைச் செய்யவையுங்கள். தாங்க முடியாத நாளில் மட்டும் பாராசிற்றமோல் போதும். சில மாதங்களிலோ ஓரிரு வருடங்களிலோ தானாக நின்றுவிடும். விலை கூடிய சத்துமாவோ கல்சியம் குளிசையோ வாங்கிச் செலவழிக்கத் தேவையில்லை. முட்டை, நெத்தலி, கீரை, பருப்பு, சற்று வெயில் பிள்ளைக்குக் கிடைத்தால் நல்லது.

இந்த அடையாளங்களில் ஒன்றாவது பொருந்தாவிட்டால், குறிப்பாக ஒரே காலில் ஒரே இடத்தில் தொடர்ந்து நோகிறது என்றால், பகலிலும் நொண்டுகிறது என்றால், அதை வளர்ச்சி வலி என்று சொல்லக் கூடாது. என்னுடைய பிழை அதுதான்.

முழங்காலுக்குக் கீழே புடைப்பு

ஒரு தாய், தன் 13 வயது மகனின் முழங்காலுக்குக் கீழே கல்லுப் போல ஒரு புடைப்பு இருப்பதைக் காட்டி, கண்கள் கலங்கிக் கேட்டார்: “டொக்டர், காலை எடுக்க வேண்டி வருமோ?”

2009இல் கால்கள் எடுக்கப்படுவதைக் கண்ணால் கண்டவர் அவர். அவருக்கு அந்தப் பயம் வந்தது இயல்பு. நான் அவருக்குச் சொன்ன பதில் இதுதான்: இதற்குக் கால் எடுப்பதும் இல்லை, சத்திரசிகிச்சையும் இல்லை.

அந்தப் பையன் பாடசாலை உதைபந்தாட்ட அணியில் விளையாடுபவன். அவனுக்கு இருந்தது ஒஸ்குட் ஸ்லாட்டர் எனப்படும் நிலை. அமெரிக்காவின் பொஸ்டனில் ஒஸ்குட் என்ற வைத்தியரும் சுவிற்சர்லாந்தின் சூரிச்சில் ஸ்லாட்டர் என்ற வைத்தியரும் 1903இல் தனித்தனியே விவரித்ததால் அந்தப் பெயர். தொடைத் தசையின் இழுவை முழங்கால் சில்லு வழியாகக் கீழ்க்கால் எலும்பின் முன்பக்க மேட்டில் போய் முடிகிறது. வளரும் வயதில் அந்த மேடு மென்மையானது. திரும்பத் திரும்ப ஓடி, பாய்ந்து, உதைக்கும்போது அந்த இடம் இழுபட்டு நொந்து புடைக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு 10 முதல் 13 வயதிலும், ஆண் பிள்ளைகளுக்கு 12 முதல் 15 வயதிலும் கூடுதலாக வரும். பிள்ளை ஒரு விரலால் அந்த மேட்டைச் சரியாகத் தொட்டுக் காட்டும். படியேறும்போதும், குந்தி எழும்பும்போதும், முழங்காலில் இருக்கும்போதும் நோகும். ஓய்வில் குறையும்.

சில்லின் கீழ் நுனியில், ஏறத்தாழ 10 முதல் 13 வயதில், இதே வகையான நோவு வருவதும் உண்டு. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்.

விளையாட்டை முற்றாக நிறுத்த வேண்டியதில்லை. நோவு கூடும் நாட்களில் பாய்ச்சலையும் வேக ஓட்டத்தையும் குறைக்க வேண்டும். விளையாடி முடிந்ததும் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம். ஐஸ் கிடைக்காவிட்டால் பானைத் தண்ணீரில் நனைத்த துணியும் கொஞ்சம் உதவும். நோவு அடங்கியதும் தசையை இழுக்கும் பயிற்சிகள் கட்டாயம்.

முதலாவது: ஒரு கையால் சுவரைப் பிடித்து நின்று, நோகும் காலைப் பின்பக்கம் மடக்கி, கணுக்காலைப் பிடித்துக் குதிக்கால் பின்பக்கத்தில் முட்ட இழுத்து, 30 வரை எண்ண வேண்டும்.

இரண்டாவது: நிலத்தில் கால் நீட்டி இருந்து, முழங்காலை மடக்காமல் கால்விரலைத் தொட முயன்று, 30 வரை எண்ண வேண்டும்.

மூன்றாவது: மல்லாந்து படுத்து, முழங்காலை நேராக வைத்தபடி காலை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி, 5 வரை எண்ணிப் பதிக்க வேண்டும்.

முதல் இரண்டையும் மூன்று தடவையும், மூன்றாவதைப் பத்துத் தடவையும், காலையும் மாலையும் செய்யவையுங்கள். நோவைக் கூட்டினால் நிறுத்திவிட்டு இயன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வளர்ச்சி முடிந்து எலும்பு இறுகியதும் நோவு பெரும்பாலும் போய்விடும். புடைப்பு சிலருக்கு அப்படியே நிற்கும். அதனால் தீங்கில்லை. இந்த இடத்தில் ஸ்ரெரொயிட் ஊசி போடுவிக்க வேண்டாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை முழங்காலில் நிறுத்தித் தண்டிக்காதீர்கள். எந்தப் பிள்ளைக்குமே அது கூடாது. இந்த நோவு உள்ள பிள்ளைக்கு அது சித்திரவதை. கோயிலிலோ தேவாலயத்திலோ முழந்தாளிட வேண்டி வந்தால் ஒரு மெத்தைத் துணி வைத்துக் கொடுங்கள்.

சில்லைச் சுற்றி நோவு

வலைப்பந்தும் கரப்பந்தும் விளையாடும் பெண் பிள்ளைகளிடம் இதைக் கூடுதலாகக் காண்கிறேன். ஒரு விரலால் காட்டச் சொன்னால் காட்டமாட்டார்கள். உள்ளங்கையால் சில்லைச் சுற்றித் தடவிக் காட்டுவார்கள். படியிறங்கும்போது நோகும். வகுப்பிலோ பேருந்திலோ நெடுநேரம் காலை மடக்கி இருந்து எழும்பும்போது நோகும். தொடைத் தசையும் இடுப்பின் பக்கத் தசையும் பலங்குறைந்திருப்பது ஒரு முக்கிய காரணம். மேலே சொன்ன கால் தூக்கும் பயிற்சியோடு, ஒருக்களித்துப் படுத்து மேற்காலைப் பக்கவாட்டில் தூக்கும் பயிற்சியையும் ஆறு முதல் எட்டுக் கிழமை விடாமல் செய்தால் பெரும்பாலானோருக்குக் குணம் தெரியும். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது திடீரென்று ஓடத் தொடங்குவதுதான் பலருக்கு நோவை ஆரம்பித்து வைக்கிறது. ஒரு மாதம் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கச் சொல்லுங்கள்.

நோவு முழங்காலில், பிழை இடுப்பில்

இனி, தவறவிடக் கூடாதவற்றுக்கு வருகிறேன்.

இடுப்பு மூட்டுக்குச் செல்லும் நரம்பின் கிளையே முழங்காலுக்கும் செல்கிறது. அதனால் இடுப்பில் உள்ள பிழையை மூளை முழங்காலில் நோவதாக உணரும். பிள்ளை பொய் சொல்லவில்லை. அதற்கு முழங்காலில்தான் நோகிறது.

அந்தப் பையனுக்கு நடந்தது இதுதான். தொடை எலும்பின் மேல் முனையில் உருண்டையான தலை ஒன்று இருக்கிறது. அது வளர்ச்சித் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வழுகியிருக்கிறது. 10 முதல் 16 வயதுக்குள் வருவது. நிறை கூடிய பிள்ளைகளுக்குக் கூடுதலாக வரும் என்றாலும் மெலிந்த பிள்ளைக்கும் வரலாம். பிள்ளை நொண்டும். நடக்கும்போது அந்தப் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். மல்லாந்து படுக்கவைத்து முழங்காலை நெஞ்சுப் பக்கம் மடக்கினால், கால் நேராக வராமல் வெளிப்பக்கம் விலகிப் போகும். இப்படி இருந்தால் பிள்ளையை நடக்கவிடாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். எக்ஸ்ரே எடுக்க வேண்டியது முழங்காலுக்கு அல்ல, இரண்டு இடுப்பு மூட்டுகளுக்கும். மேலும் வழுகாமல் ஆணி பூட்டுவதே சிகிச்சை. நேரத்தோடு செய்தால் பெரும்பாலும் நல்ல பலன் கிடைக்கும். பிந்தினால் இளம் வயதிலேயே இடுப்பு மூட்டுத் தேயும்.

4 முதல் 8 வயது வரையான பிள்ளைகளில், முக்கியமாக ஆண் பிள்ளைகளில், பேர்தஸ் என்றொரு நோய் உண்டு. தொடை எலும்பின் தலைக்குப் போகும் இரத்தோட்டம் குறைந்து எலும்பு நலிவது அது. நோவு பெரிதாக இருக்காது. ஆனால் கிழமைக்கணக்கில் நொண்டும். “நோகவில்லை என்று சொல்கிறான், ஆனால் நொண்டுகிறான்” என்றால் கட்டாயம் காட்டுங்கள்.

தடிமன் காய்ச்சலுக்குப் பிறகு சிறு பிள்ளைகளின் இடுப்பு மூட்டில் சில நாட்கள் நீர் சேர்ந்து நோவதும் உண்டு. அது தானாக மாறும். ஆனால் அது அதுதான் என்று தீர்மானிப்பது வைத்தியருடைய வேலை.

காய்ச்சலோடு மூட்டு நோவு

காய்ச்சலும், சூடாக வீங்கிய ஒரு மூட்டும், கால் ஊன்ற மறுப்பதும் சேர்ந்து வந்தால் அது அவசரம். மூட்டுக்குள் கிருமி புகுந்து சீழ் பிடித்திருக்கலாம். சில நாட்களிலேயே மூட்டின் குருத்தெலும்பு அழிந்துவிடும். விடியட்டும், கிளினிக் நாள் வரட்டும் என்று பார்க்கக் கூடாது. சத்திரசிகிச்சையில் மூட்டைக் கழுவி, ஊசி மூலம் நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்க வேண்டும்.

இன்னொன்று வாதக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுப் பிள்ளைக்குத் தொண்டை நோ வந்து மாறி, இரண்டு மூன்று கிழமை கழித்து ஒரு முழங்கால் வீங்கும். அது வற்ற, கணுக்கால் வீங்கும். பிறகு மணிக்கட்டு. இப்படி மூட்டுக்கு மூட்டுத் தாவும். மூட்டுகள் முழுமையாகக் குணமடையும். ஆபத்து இருதயத்துக்கு. அதன் வால்வுகள் பழுதடையலாம். அதனால்தான் மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி பல வருடங்களுக்குப் போடப்படுகிறது. “நோவு இல்லைத்தானே” என்று அதை இடையில் நிறுத்திவிட்டு, இருபது வயதில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

மூன்றாவது, சிறுவர்களுக்கு வரும் மூட்டுவாதம். இது முதியவர்களுக்கு மட்டுமானதல்ல. காலையில் எழும்பும்போது மூட்டு இறுகியிருக்கும். நடக்க நடக்க இளகும். வீக்கம் ஆறு கிழமைக்கு மேல் நிற்கும். இதற்கு இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன. இந்தப் பிள்ளைகளுக்குக் கண்ணின் உட்பகுதியும் வெளியே தெரியாமல் அழற்சியடையலாம். ஆகவே கண் வைத்தியரிடமும் ஒழுங்காகக் காட்ட வேண்டும்.

புற்றுநோய் பற்றிய பயம்

இது மிக அரிது. ஆனாலும் சொல்லாமல் விடுவது சரியல்ல. எலும்பில் தொடங்கும் புற்றுநோய் பதின்ம வயதில் கூடுதலாக வருவது முழங்காலைச் சுற்றித்தான். ஒரே இடத்தில் நாளுக்கு நாள் கூடும் நோவு, ஓய்விலும் சாமத்திலும் நோகுதல், பெரிதாகும் வீக்கம் ஆகியவை அடையாளங்கள். விளையாட்டில் விழுந்த பிறகு கவனிக்கப்படுவதால் பலர் அடிபட்ட வீக்கம் என்று நினைத்துவிடுகிறார்கள். இரத்தப் புற்றுநோயும் சில பிள்ளைகளில் கால் நோவாகத்தான் முதலில் தெரியும். கூடவே வெளிறல், களைப்பு, காரணமில்லாத கண்டல் காயங்கள், விட்டுவிட்டு வரும் காய்ச்சல் இருக்கும்.

ஓர் எக்ஸ்ரேயும் ஓர் இரத்தப் பரிசோதனையும் பெரும்பாலான சந்தேகங்களைத் தீர்த்துவிடும். தேவைப்பட்டால் தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ அனுப்புவார்கள். எலும்புப் புற்றுநோய்க்கும் இன்று பலருக்குக் காலை எடுக்காமலே சிகிச்சை செய்ய முடிகிறது. காலை எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஒளித்து வைப்பதுதான் அந்த வாய்ப்பைக் குறைக்கிறது.

எம்.ஆர்.ஐ. ஸ்கான் எழுதப்பட்டால் ஒன்றை மறக்க வேண்டாம். அது மிகப் பலமான காந்தத்தால் இயங்குவது. பிள்ளையோடு துணைக்கு உள்ளே போகும் தாய் தகப்பனின் உடம்பில் செல் துண்டோ சன்னமோ இருந்தால், அதை முன்கூட்டியே அங்குள்ளவர்களிடம் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றாலும் சொல்லுங்கள். அப்படியானால் வேறொருவர் உள்ளே போகலாம்.

எண்ணெய், புக்கை, மருந்து

எங்கள் வீடுகளில் கால் நோவு என்றால் முதலில் எண்ணெய் பூசி உருவுவார்கள். பிறகு முறிவு நெரிவு வைத்தியரிடம் போவார்கள். அதை நான் குறைசொல்ல வரவில்லை. எங்களுக்கு வைத்தியசாலையே இல்லாதிருந்த காலங்களில் எத்தனையோ கைகால்களை அவர்கள்தான் காப்பாற்றினார்கள். வளர்ச்சி வலிக்கு எண்ணெய் தடவுவது நல்லதே. ஆனால் மூன்று சந்தர்ப்பங்களில் உருவவோ இழுக்கவோ கட்டவோ கூடாது: மூட்டு சூடாக வீங்கியிருந்தால், காரணம் தெரியாத கட்டி இருந்தால், பிள்ளை காலை ஊன்ற மறுத்தால்.

பாராசிற்றமோல் அளவு பிள்ளையின் வயதைப் பொறுத்ததல்ல, நிறையைப் பொறுத்தது. ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 20 கிலோ பிள்ளைக்கு 500 மில்லிகிராம் குளிசையில் பாதி. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். அஸ்பிரினை வைத்தியர் சொல்லாமல் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. காய்ச்சலோடு உடம்பு நோவு என்றால், முக்கியமாக மாரி காலத்தில், டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை ஐபுபுரொஃபென், டைக்லோஃபெனக் போன்ற நோவு மருந்துகளைப் பாமசியில் வாங்கிக் கொடுக்காதீர்கள். அவை இரத்தக்கசிவைக் கூட்டும்.

வீட்டில் பார்க்க வேண்டியவை

வெளிச்சமான இடத்தில், அரைக்காற்சட்டையோடு பிள்ளையை நிறுத்துங்கள். இரண்டு முழங்கால்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புறங்கையால் இரண்டையும் தொட்டுச் சூட்டைப் பாருங்கள். நோகும் இடத்தை ஒரு விரலால் காட்டச் சொல்லுங்கள். பத்து அடி நடக்கவிட்டு, நொண்டுகிறதா, பாதம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். படுக்கவைத்து ஒவ்வொரு காலாக மெதுவாக நெஞ்சுப் பக்கம் மடக்குங்கள். நொந்தால் வற்புறுத்த வேண்டாம்.

நோவு எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் வருகிறது, காய்ச்சல் இருந்ததா என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வைத்தியரிடம் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்தத் துண்டு அவருக்குப் பெரிய உதவி. முழங்காலை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால், “டொக்டர், இடுப்பையும் ஒருக்கா பாருங்கோ” என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. என்னிடம் அன்று யாராவது கேட்டிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

சொல்லாத பிள்ளைகள்

தரம் 6 படிக்கும் ஒரு சிறுமியை அவளுடைய வகுப்பாசிரியர் அழைத்து வந்தார். முழங்கால் வீங்கி இரண்டு மாதமாகியிருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது. ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: “அம்மாவுக்கு உடம்பில செல் துண்டு இருக்கு. அவவுக்குத்தான் சரியா நோகும். எனக்கு உது ஒண்டும் பெரிசில்லை.”

அவளுக்கு இருந்தது மூட்டுவாதம். இப்போது மருந்தில் நன்றாக இருக்கிறாள். ஆனால் அவளுடைய பதில் என்னை விட்டுப் போகவில்லை.

நாங்கள் பெரிய காயங்களைக் கண்டவர்கள். அதனால் எங்களிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. “இதெல்லாம் ஒரு நோவா, நாங்கள் பட்டதைவிடவா” என்று அறியாமலே சொல்லிவிடுகிறோம். போருக்குப் பின் பிறந்த பிள்ளைகள் அதைக் கேட்டு வளர்கிறார்கள். தாய்க்குக் கால் இல்லாத வீட்டில் பிள்ளை தண்ணீர்க் குடம் தூக்குகிறது, தம்பியைத் தூக்குகிறது. தன் கால் நோவைச் சொல்ல அதற்கு வெட்கமாக இருக்கிறது. வேறு சில வீடுகளில் நேர்மாறு. சிறு வீக்கத்துக்கும் நித்திரையில்லாமல் துடிக்கிறார்கள். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருபவைதான்.

ஆகவே கிழமைக்கு ஒருமுறை, குளிக்கவார்க்கும்போதோ தலை இழுக்கும்போதோ, “எங்கையும் நோகுதோ?” என்று நீங்களாகக் கேளுங்கள். வளர்ந்த பிள்ளையிடமும் கேளுங்கள்.

எப்போது, எங்கே?

உடனே போக வேண்டியவை: காய்ச்சலோடு வீங்கிய மூட்டு, கால் ஊன்ற முடியாமை, விழுந்த பின் கோணலான கால், பாதம் வெளியே திரும்பி நொண்டுதல். வாகன வசதி இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குப் பணம் இல்லை.

ஓரிரு நாளுக்குள் காட்ட வேண்டியவை: சாமத்தில் ஒரே இடத்தில் வரும் நோவு, பெரிதாகும் கட்டி, வெளிறலும் கண்டல் காயங்களும், மூட்டுக்கு மூட்டுத் தாவும் வீக்கம்.

ஒரு கிழமைக்குள் காட்ட வேண்டியவை: மாறாத நொண்டல், காலையில் இறுகும் மூட்டு, விளையாட்டைத் தானாகவே கைவிடும் பிள்ளை.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைகளிலும் சிகிச்சை இலவசம். இயன் மருத்துவப் பயிற்சிக்கும் பணமில்லை. ஒரு நாள் கூலி போகும், பேருந்துக் காசு போகும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்கக் கூடாது என்று பிரித்து எழுதினேன்.

அந்தப் பையன் இப்போது உயர்தரம் படிக்கிறான். கட்டைக் காலுக்குச் செருப்பின் அடியில் ஒரு தட்டு வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கிளினிக்குக்கு வரும்போது என்னைக் கண்டால் சிரிப்பான். அம்மம்மா மட்டும் ஒவ்வொரு முறையும், “நான்தான் வளர்ச்சி வலி எண்டு சொல்லிப்போட்டன்” என்று தன்னை நொந்துகொள்வார். இல்லை அம்மா, அதைச் சொன்னவர் நீங்கள். பாராமல் ஒத்துக்கொண்டவன் நான்.